ஐந்தடி பதினொன்றுக்கு மேல் இரண்டு அங்குலம்: பெரம்பூரில் ஒரு கன்சல்டேஷன்

வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்குத் தையல் கடை. பேண்ட், சட்டை, முகூர்த்த மாதம் வந்தால் கோட். ஆனால் இந்த விமர்சனம் துணியைப் பற்றியது இல்லை. பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில், கால் எலும்பை நீட்டி உயரம் கூட்டும் அறுவைச் சிகிச்சைக்கு ஆலோசனை தருகிறார்கள். பணம் கட்டி, அக்கா மகனோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பெயர் போடப்போவதில்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்து ஒருத்தர் பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த மாதிரி இடத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக, அதுவும் ஏற்கெனவே நல்ல உயரத்தில் இருந்துகொண்டு போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். சென்டிமீட்டரில் 180. நம் நாட்டு ஆண்களின் சராசரி 165-ஐ ஒட்டித்தான் வரும். தமிழ்நாடு போலீஸில் கான்ஸ்டபிள் வேலைக்கே பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 போதும். எங்கள் பேட்டையின் பழைய வீடுகளில் நிலை தாழ்வு. அவன் குனிந்துதான் நுழைய வேண்டும். ஷேர் ஆட்டோவில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வான். வந்த ஒரு வரன், "பொண்ணு அஞ்சடிதாங்க, ஜோடி சேராது" என்று தட்டிப்போனதும் உண்டு.

இவனுக்கு எதற்கு இன்னும் உயரம்? மாடலிங். தண்டையார்பேட்டையில் ஒரு ஜிம்முக்குப் போய் உடம்பை நன்றாக வைத்திருக்கிறான். ஒரு துணி விளம்பரத்துக்கு ஆள் எடுத்த இடத்தில், ராம்ப்பில் நடக்க ஆறடி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்னா மாமா, ஒரே ஒரு இன்ச்சு!" என்று கடையில் வந்து உட்கார்ந்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு இன்ச் இரண்டாகிவிட்டது. வெட்டுவதுதான் வெட்டுகிறோம், ஆறடி ஒன்றாகவே ஆக்கிவிடலாமாம்.

சரி, மருத்துவமனை. ரிசப்ஷன் சுத்தம், டோக்கன் ஒழுங்கு, காத்திருப்பு அதிகம் இல்லை. சுவரில் 'முன்', 'பின்' என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். தையல்காரன் கண்ணுக்கு ஒன்று உடனே பட்டது. 'முன்' படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தொளதொள பேண்ட், கணுக்காலில் சுருக்கம், வெறுங்கால். 'பின்' படத்தில் காலோடு ஒட்டிய பேண்ட், சட்டையை உள்ளே விட்டு இடுப்பில் ஏற்றிக் கட்டிய பெல்ட், ஷூ. இந்த மூன்றையும் கத்தியே இல்லாமல் நான் செய்து தந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் அங்குலம் கூடுதலாகத் தெரியும். படத்தில் தெரியும் உயரத்தில் எலும்பு எவ்வளவு, துணி எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

முதலில் டாக்டரைப் பார்க்க விடமாட்டார்கள். கவுன்சலர் என்று ஒரு பெண். கையில் டேப்லெட். "எவ்வளவு சார் வேணும்?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். என் கடைக்குத் துணியோடு வருபவர்களிடம் நான் கேட்கிற அதே கேள்வி. ஏன் வேண்டும் என்று கேட்கவே இல்லை. மூன்று பேக்கேஜ்: வெளியே வளையம் போடுவது (காலைச் சுற்றி வளையங்கள், அவற்றிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குப் போகும் கம்பிகள்), உள்ளே ஆணியும் வெளியே வளையமும், முழுக்க உள்ளேயே இருக்கும் காந்த ஆணி. விலை அதே வரிசையில் ஏறியது. கடைசியாகச் சொன்னதில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையை ஒத்திக்கே எடுத்துவிடலாம். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் குறைத்துத் தருவார்களாம். ஆடித் தள்ளுபடி எங்கள் ரோட்டில் துணிக்கு உண்டு. எலும்புக்கு இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டேன். அழகுக்காகச் செய்யும் அறுவைச் சிகிச்சையைப் பாலிசிகள் விலக்கிவைத்திருப்பதால் ஒரு பைசா வராது என்பதை அவரே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண்.

டாக்டர் வேறு ரகம். நின்ற நிலையில் இடுப்பிலிருந்து பாதம் வரை முழுக்காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அதை விளக்குப் பலகையில் மாட்டி, பொறுமையாக விளக்கினார். கொடுத்த பணத்துக்கு இந்தப் பகுதி மட்டும் வஞ்சனையில்லாமல் கிடைத்தது.

இந்த முறை அழகுக்காகப் பிறந்தது இல்லை. சோவியத் நாட்டில், சைபீரியாவின் குர்கான் ஊரில் இருந்த இலிசரோவ் என்ற மருத்துவர் 1950-களில் உருவாக்கியது. ஆறாத எலும்பு முறிவுகளையும் குட்டையாகிப்போன கால்களையும் சரிசெய்ய. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமேல் அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். எத்தனையோ அறுவைச் சிகிச்சை செய்தும் ஆறாத அந்தக் காலை இலிசரோவ்தான் சேர்த்துவைத்தார். மனிதர் திரும்பவும் தாண்டப் போனார்.

எலும்பை ஒடித்து, ஒரு வாரம் போல விட்டு, பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு துண்டுகளையும் மெல்ல விலக்குகிறார்கள். இடைவெளியில் புது எலும்பு ஊறி வருகிறது. அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரேயடியாக இழுப்பதில்லை. கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. ஐந்து சென்டிமீட்டருக்கு, அதாவது மாப்பிள்ளை கேட்கும் இரண்டு அங்குலத்துக்கு, இழுக்க மட்டும் 50 நாள். இழுத்து முடித்த இடம் அப்போது எலும்பாக இருக்காது. அது கெட்டிப்பட இழுத்த காலத்தைவிட அதிகம் பிடிக்கும். வளையம் என்றால் சென்டிமீட்டருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் காலில் இருக்கும்.

இதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு வண்டி ஓட்டும் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து, எலும்பு கோணலாகக் கூடி, இடது கால் குட்டையாகிவிட்டது. வருஷக்கணக்கில் அவர் பேண்ட்டை ஒரு கால் குட்டையாகத்தான் தைத்தேன். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் வளையம் போட்டார்கள். லுங்கி கட்டினால் கம்பி முனையில் மாட்டிக் கிழிகிறது என்று கடைக்கு வந்தார். பேண்ட்டின் வெளிப்பக்கத் தையலைத் தொடை வரை பிரித்து, அகலப் பட்டி கொடுத்து, மேலிருந்து கீழ் வரை வெல்க்ரோ வைத்துத் தைத்தேன். அளவெடுக்கும்போது பார்த்தேன்: கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் சின்னச் சின்னப் பஞ்சு, மஞ்சள் மருந்துக் கறை, சில இடத்தில் கசிவு. தினமும் அவர் மனைவி ஒவ்வொரு துளையாகத் துடைத்து மருந்து வைப்பாராம். வளையங்களை விலக்கும் மரையைத் திருப்புவது வண்டிக்காரர் வேலை. காலை, மதியம், சாயங்காலம், படுக்கும்போது. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மதியத் திருப்பை அவர் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன். வலிக்கிறதா என்றால், "இப்ப இல்லீங்க, ராவுல தெரியும்" என்றார். கழற்றிய பிறகு இரண்டு காலும் ஒரே அளவு. அவருக்கு அந்த மாதங்கள் வீண் இல்லை. நடை திரும்பியது, இடுப்பு வலி போனது, வண்டி ஏறினார்.

மாப்பிள்ளைக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. இரண்டையும் ஒடிக்க வேண்டும்.

"வளையமெல்லாம் வேணாம் சார், காந்த ஆணி" என்றான் அவன். வீடியோ நிறையப் பார்த்திருக்கிறான். சரிதான், அதில் தோலைத் துளைக்கும் கம்பி இல்லை. எலும்புக்குள் டைட்டானியம் ஆணி. அதற்குள் ஒரு காந்தம். வெளியே தொடையில் ஒரு கருவியை வைத்தால் காந்தம் சுழன்று ஆணி நீளும். ஆனால் இரண்டு காலிலும் போட்டால், எலும்பு கெட்டிப்படும் வரை முழு எடையை ஊன்றக் கூடாது. வாக்கர், சக்கர நாற்காலி. முழு எடையை ஊன்றி நடக்கலாம் என்று எஃகில் செய்த 'ஸ்ட்ரைட்' (Stryde) என்ற ஆணி ஒன்று சந்தைக்கு வந்தது. உலோகம் அரித்து, சுற்றியுள்ள எலும்பிலும் மாற்றம் தெரிந்ததால் 2021-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எந்த ஆணியானாலும் எலும்பு கூடிய பிறகு அதை எடுக்க இன்னொரு தடவை மேசையில் படுக்க வேண்டும்.

எலும்பு வளர்கிறது என்பதால் மற்றதும் கூடவே வளரும் என்று நினைக்கக் கூடாது. தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் இழுபடுகின்றன. கெண்டைக்கால் தசை ஒத்துழைக்காவிட்டால் குதிகால் தரையில் படாது, முன்பாதத்தில் நடப்பார்கள். முழங்கால் விறைக்கலாம். நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிவிடும். எலும்பு ஒன்றுசேர மறுக்கலாம், அல்லது சீக்கிரமே சேர்ந்துவிட்டு மறுபடி ஒடிக்கவேண்டி வரலாம். கொழுப்போ ரத்தக்கட்டியோ நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாவதும் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சிகரெட் பிடித்தால் எலும்பு ஊறுவது தாமதமாகும் என்றபோது மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று. தொடை எலும்பு செங்குத்தாக நிற்பதில்லை; இடுப்பிலிருந்து முழங்காலுக்கு உள்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. ஆணி அந்தச் சாய்விலேயே நீள்வதால், உடம்பின் பாரம் இறங்கும் கோடு முழங்காலில் கொஞ்சம் வெளிப்பக்கமாக நகர்கிறது. அதிகம் நீட்டினால் அதிகம் நகரும். பேண்ட்டில் தொடைத் தையல் கால் அங்குலம் விலகினாலே முழங்காலில் துணி முறுக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். இது வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டிய மூட்டு.

அப்புறம் அளவு. தொடை எலும்பின் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு போலக் கெண்டைக்கால் எலும்பு இருக்கும். இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலம் ஏறத்தாழ உயரத்துக்குச் சமம். இதெல்லாம் கூடிவந்துதான் ஓர் உடம்பு பார்க்க இசைவாக இருக்கிறது. கையை யாரும் நீட்டப்போவதில்லை. மாப்பிள்ளையைக் கடையிலேயே நிற்கவைத்து டேப் வைத்தேன். பின்கழுத்து எலும்பிலிருந்து தரை வரை எடுத்து அதில் பாதி, அதுதான் கோட்டின் நீளம். நாங்கள் கற்றுக்கொண்ட பழைய கணக்கு. இப்போது அவனுக்கு அந்தப் பாதி சரியாக உட்காரும் இடத்தை மூடி நிற்கிறது. காலில் ஐந்து சென்டிமீட்டர் சேர்த்தால் கணக்குப்படி கோட் இரண்டரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஆனால் மேலுடம்பு அதே நீளம், கை அதே நீளம். கணக்கை மதித்தால் கோட் தொடையில் தொங்கும். கணக்கை விட்டால் குட்டைக் கோட் போட்ட நெட்டைக்கால் ஆள். துணியை நன்றாகக் காட்டுவதுதானே மாடலின் வேலை? "நீ இன்னா மாமா, எலும்பைப் பத்திப் பேசுனா கோட்டைப் பத்திப் பேசுறே" என்றான். நான் வேறு எதைப் பற்றிப் பேசுவேன்?

டாக்டர் அறைக்கு அடுத்தது பிசியோதெரபி. அங்கே இருந்த பெண் பேசியதுதான் இந்த மொத்த வருகையிலும் உருப்படியான பேச்சு. அவர் அவனை ஹாலில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். எதற்குத் தம்பி என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் முதல்முதலாக அதைக் கேட்டவர் அவர்தான். ராம்ப் என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. "உங்க நடை நல்லா இருக்கு. நீங்க பணயம் வைக்கிறது அதைத்தான்" என்றார். ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் நன்றாக நடக்கிறார்கள், ஆனால் நடையின் ஓட்டமும் பழைய வேகமும் அப்படியே திரும்பும் என்று யாரும் எழுதித் தர முடியாது. காலில் தழும்பு இருக்கும், அரைக்கால் சட்டைப் படப்பிடிப்பில் தெரியும். வேலைக்கு வெளியே ஒரு வருஷம் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு எந்த மாடி, எந்த மாதிரி கழிவறை என்றும் கேட்டார். இரண்டாவது மாடி, செங்குத்துப் படி, குந்தி உட்காரும் பொதுக் கழிவறை. அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இதற்கு முதலில் வழி செய்யுங்கள் என்றார். சிகிச்சை காலத்துக்கு லிஃப்ட் உள்ள வாடகை வீடு என்றால், அதற்கு ஒரு கணக்கு பேக்கேஜில் எங்குமே இல்லை.

என் பெரிய மனத்தாங்கல் இதுதான். மனநல ஆலோசனை அவர்கள் தாளில் 'விருப்பப்பட்டால்' என்ற பகுதியில் இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது ஒன்று, மனசில் தெரிவது வேறொன்று என்று இருக்கிறவனுக்கு எத்தனை அங்குலம் கூட்டினாலும் போதாது. 180-இல் இருந்துகொண்டு குட்டை என்று ஒருவன் வந்தால் டேப்பை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சகோதரனோ மாமாவோ கூட வராவிட்டால் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக்கூடக் காட்டமாட்டார்கள். 2016-இல் ஐதராபாத்தில் ஒரு மென்பொருள் இளைஞர் வீட்டுக்குத் தெரியாமல் இந்தச் சிகிச்சைக்குப் போய்ப் பெரிய செய்தியானது. அவரும் ஒன்றும் குட்டை இல்லை, ஐந்தடி ஏழு. சீனாவில் அழகுக்காக இதைச் செய்வதை 2006-லேயே தடைசெய்துவிட்டார்கள். நம் ஊரில் அப்படித் தடை இல்லை. ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

நான் எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கால் குட்டையானவருக்கு இது வரப்பிரசாதம், காசிமேட்டுக்காரரைப் பார்த்தவன் நான். 150-இல் நின்று வாழ்நாளெல்லாம் கேலி வாங்கியவர், எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு வருஷத்தைக் கொடுக்கிறேன் என்றால் அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. சராசரிக்கு மேல் இருக்கிறவனின் கணக்கு வேறு. ஒடிப்பது அதே எலும்பு, வலி அதே வலி, நரம்புக்கும் நுரையீரலுக்கும் அதே ஆபத்து, அதே பணம். கிடைப்பது மட்டும் சுருங்கிவிடுகிறது. கடைக்குள் ஒருவர் நுழையும்போதே உயரத்தைக் கண்ணால் சொல்வது என் தொழில் பழக்கம். 175 வரை அங்குலம் தப்பாது. அதற்கு மேல் போனால் எல்லாருமே எனக்கு நெட்டை. டேப் வைத்தால்தான் வித்தியாசம். தொழில்காரன் கண்ணுக்கே தெரியாததற்கு இரண்டு காலையும் கொடுக்கச் சொல்வானேன்? 185 ஆனால் 188 கேட்கிற இடமும் எங்காவது இருக்கத்தான் போகிறது.

மாப்பிள்ளை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறான். கைவிடவில்லை. பிசியோ சொன்னதை யோசிக்கிறேன் என்கிறான். நான் சொன்னது கணக்கில் வரவில்லை போலிருக்கிறது; பரவாயில்லை. ராம்ப் வேண்டாம், கேட்லாக் படப்பிடிப்புக்கு உட்கார்ந்தும் சாய்ந்தும் நிற்கிற ஆள் வேண்டும் என்று ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: டாக்டர் விளக்கத்துக்கும் முழுக்கால் எக்ஸ்ரேக்கும் கொடுத்த பணம் தகும். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தானாகத் தரமாட்டார்கள். பிசியோவை டாக்டருக்கு முன்னால் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கவுன்சலரிடம் அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள்; அடுத்த மாதமும் அதே தள்ளுபடி இருக்கும், நான் போன் செய்து பார்த்தேன். ஆணியை எடுக்கும் செலவு, பிசியோ எத்தனை மாதம், சிக்கல் வந்தால் மறு அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பைக் நிறுத்த இடம் உண்டு, காருக்குக் கஷ்டம். கன்சல்டேஷன் முதல் மாடியில், லிஃப்ட் ரிப்பேர். வாக்கரோடு வந்த ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.